வக்கீல் அல்லாத அட்வகேட்

டெக்ஸாஸில் இருக்கும் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர். போன வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். நீதிபதிக்கு முன்னால் வலது கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கீழே ஒரு வரி: ‘இன்று முதல் நான் கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட்.’ பத்து நிமிடத்தில் சித்தப்பா எழுதினார்: ‘எப்போது சட்டம் படித்தாய்? சொல்லவே இல்லையே!’ அத்தை வாழ்த்திய கையோடு தன் வரப்புத் தகராறு பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். இன்னொருவர், ‘பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவார்களே, அந்த வேலையா?’ என்றார். வேறொருவர், ‘அனாதைப் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கப்போகிறாளாம்’ என்று எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

எல்லாமே தவறு. ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் அட்வகேட் என்றால் கறுப்புக் கோட்டுதான். அக்காவின் பட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ‘ஒருவருக்காகப் பேசுகிறவர்’ என்று மட்டுமே பொருள். பெற்றோர் கொடுமை செய்தார்கள், கவனிக்காமல் விட்டார்கள் என்று வழக்கு வந்தால், குழந்தைக்கு எது நல்லது என்று பார்த்துச் சொல்ல, சம்பளம் வாங்காத ஒரு சாதாரண ஆளை நீதிமன்றம் நியமிக்கும். அவர்தான் இந்த அட்வகேட். அமெரிக்காவில் இந்தத் தன்னார்வலர்களை முதல் எழுத்துகளைச் சேர்த்துக் ‘காசா’ என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் போரில் சிக்கிய ஊர்தான் நினைவுக்கு வரும். ஆகவே இந்தக் கட்டுரையில் ‘தன்னார்வலர்’ என்றே எழுதுகிறேன்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் யாரிடம் கேட்கிறார்?

அரசு மருத்துவமனை வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். ஒரு கட்டிலுக்கு மூன்று நிமிடம். கேஸ் ஷீட்டில் காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் இருக்கிறது. ஆனாலும் டாக்டர் நிமிர்ந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் கேட்பார்: ‘ராத்திரி தூங்கினாரா? சாப்பிட்டது தங்கியதா?’

அந்த ஆளுக்கு மருத்துவம் தெரியாது. மருந்து எழுத அதிகாரம் கிடையாது. ஆனால் விடியற்காலை இரண்டு மணிக்கு வலி வந்ததும், நர்ஸ் கொடுத்த மாத்திரையை நோயாளி தலையணைக்கு அடியில் ஒளித்ததும் அவருக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரின் முடிவு சரியாக அமைவது பல நேரங்களில் அந்த ஒரு தகவலால்தான்.

நீதிமன்றத்தில் தன்னார்வலர் செய்வது ஏறக்குறைய இதுதான். நீதிபதி டாக்டர்; வழக்குக் கட்டு கேஸ் ஷீட்; குழந்தையின் கூடவே இருந்து பார்த்துச் சொல்கிறவர் தன்னார்வலர். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. வார்டில் கூட இருப்பவர் உறவுக்காரர். இங்கே உறவாக இல்லாமல் இருப்பதே தகுதி. அம்மா பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை, அரசு பக்கமும் இல்லை.

மைனருக்குக் கார்டியன்

பத்திரிகைகளில் வரும் கோர்ட் நோட்டீஸ்களைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘மைனர் இன்னார், அவருக்காகத் தாயும் கார்டியனுமான இன்னார்’ என்ற வரி பழக்கமாகியிருக்கும். பதினெட்டு வயது ஆகாதவர் தானாக வழக்கு நடத்த முடியாது. அவருக்காக ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பெரும்பாலும் தாயோ தந்தையோதான் நிற்பார்கள். ஆனால் பாகப்பிரிவினையில் தாயின் பங்கும் பிள்ளையின் பங்கும் மோதுகின்றன என்றால்? அப்போது நீதிமன்றமே வேறொருவரை அந்த வழக்குக்கு மட்டும் கார்டியனாக நியமிக்கும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை இதைத்தான் சொல்கிறது.

ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து கிளைத்த பல நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் இதற்குக் ‘கார்டியன் ஆட் லைட்டம்’ என்று பெயர். பின்பாதி லத்தீன், ‘இந்த வழக்குக்காக’ என்று பொருள். பெற்றோர்மீதே புகார் இருக்கும் வழக்கில் பெற்றோர் பிள்ளைக்காகப் பேச முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். 1974-இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய குழந்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மாநிலங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது: மத்திய அரசின் நிதி வேண்டுமென்றால், நீதிமன்றத்துக்கு வரும் இத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் குழந்தைக்கென ஒரு கார்டியன் ஆட் லைட்டம் நியமிக்கப்பட வேண்டும்.

நிபந்தனை வந்தது, ஆள் வரவில்லை. நியமிக்கப்பட்ட வக்கீல்களில் பலர் குழந்தையை முதன்முதலாகப் பார்ப்பதே வழக்கு கூப்பிடப்படும்போது, வராந்தாவில்.

இதுவரை பார்த்தது: குழந்தைக்காக நிற்க ஒருவர் வேண்டும் என்பது பழைய சட்ட யோசனை. அந்த ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் புதிய யோசனை.

சியாட்டில், 1977

டேவிட் சூக்கப் என்பவர் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதி. சிறார் வழக்குகள் அவரிடம் வந்தன. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தபோது, தன் கையில் இருக்கும் தகவல் போதவில்லை என்று அவருக்குப் பட்டது. அரசுத் துறை தன் நடவடிக்கையை நியாயப்படுத்துகிறது, பெற்றோரின் வக்கீல் பெற்றோருக்காக வாதாடுகிறார். நடுவில் இருக்கும் குழந்தைக்கு எது நல்லது என்று மட்டும் பார்த்துச் சொல்ல அறையில் ஆள் இல்லை.

பொதுமக்களையே கூப்பிட்டால் என்ன என்று யோசித்தார். மதிய உணவு நேரத்தில் வந்து பேசும்படி சிலருக்குச் சொல்லி அனுப்பினார். நாலைந்து பேர் வரலாம் என்று நினைத்தவர் முன்னால் ஐம்பது பேர் வந்து நின்றார்களாம். 1977-இல் அங்கே திட்டம் தொடங்கியது. 1982-இல் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைந்தது. இன்று அமெரிக்காவின் 49 மாநிலங்களில் 900-க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் இதை நடத்துகின்றன. புளோரிடா, வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் பெயர் ‘கார்டியன் ஆட் லைட்டம் திட்டம்’ என்று இருக்கும், வேலை ஒன்றுதான். 1996-இல் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தி, கார்டியன் ஆட் லைட்டமாக வக்கீலையோ இத்தகைய தன்னார்வலரையோ இருவரையுமோ நியமிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள்.

அந்த அறையில் யார் யார்?

தன்னார்வலர் நியமிக்கப்படும் வழக்குகள் குற்ற வழக்குகள் அல்ல. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் மீதி எல்லாம் குழம்பும். தந்தை அடித்தார் என்றால் அவரைச் சிறைக்கு அனுப்புவதா என்பது வேறு நீதிமன்றம், வேறு வழக்கு. இங்கே கேள்வி ஒன்றே: குழந்தை இப்போது எங்கே இருக்க வேண்டும், வீடு திரும்புவதற்கு என்னென்ன மாற வேண்டும்?

அறையில் குழந்தைகள் நலத் துறையின் களப்பணியாளர் இருப்பார். துறைக்கு ஒரு வக்கீல். தாய்க்கு ஒரு வக்கீல். தந்தைக்குத் தனி வக்கீல். டெக்ஸாஸில் குழந்தைக்கும் ஒரு வக்கீல் கட்டாயம். இத்தனை பேருக்கு நடுவில் தன்னார்வலர் எதற்கு என்று கேட்கலாம். களப்பணியாளர் கையில் ஒரே சமயத்தில் பல குடும்பங்கள். அந்த வேலையின் அழுத்தம் தாங்காமல் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வழக்கு முடிவதற்குள் மூன்றாவது ஆள் வந்துவிடுவது சாதாரணம். வக்கீலுக்கும் கட்டுக் கட்டாக வழக்குகள். தன்னார்வலருக்கோ ஒரு வழக்கு, மிஞ்சினால் இரண்டு. வழக்கு முடியும்வரை அவர்தான்.

இந்த வழக்குகளில் பெரும்பாலானவை அடி உதை பற்றியவை அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. ‘நெக்லெக்ட்’ எனப்படும் புறக்கணிப்புதான் மிக அதிகம்: சாப்பாடு, மருத்துவம், மேற்பார்வை கிடைக்காமல் விடுவது. போதைப் பழக்கம், மனநோய், வீட்டுக்குள் வன்முறை எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கும். வறுமையும் இருக்கும். ஏழ்மைக்கும் புறக்கணிப்புக்கும் நடுவில் கோடு போடுவது சுலபமல்ல. 2021-இல் டெக்ஸாஸ் தன் சட்டத்தில் புறக்கணிப்பின் வரையறையைக் குறுக்கியது இதனால்தான்.

அப்படியானால் என்னதான் செய்கிறார்?

குறைந்தது 21 வயது. போலீஸ் பதிவேட்டுச் சோதனை. ஏறத்தாழ 30 மணி நேரப் பயிற்சி, பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேரம். சட்டப் படிப்பு தேவையில்லை. உள்ளூர் அமைப்பின் மேற்பார்வையாளர் ஒருவர் கூடவே வழிநடத்துவார். பயிற்சி முடிந்ததும் நீதிபதி முன் உறுதிமொழி. அக்கா கையை உயர்த்தி நின்றது அதற்குத்தான். பிறகு ஒரு குறிப்பிட்ட குழந்தையின் வழக்கில் நீதிபதி உத்தரவு போட்டு நியமிப்பார். அந்த உத்தரவைக் காட்டினால் பள்ளியும் மருத்துவமனையும் குழந்தையின் பதிவேடுகளைக் கொடுக்கும். அந்தத் தாள் கையில் இல்லாமல் போனால் வாசலோடு சரி.

கற்பனையாக ஒரு ஏழு வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவன் மூன்று வீடு மாறிவிட்டான். இந்த வீடுகள் ‘ஃபாஸ்டர் கேர்’ எனப்படும் வளர்ப்புப் பராமரிப்பு வீடுகள். அதாவது அரசின் அனுமதி பெற்று, அரசு தரும் செலவுத் தொகையோடு, தற்காலிகமாகக் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள். பள்ளி அறிக்கையில் ‘கவனம் இல்லை, வகுப்பில் எழுந்து எழுந்து நடக்கிறான்’ என்று இருக்கிறது. கவனக்குறைவுக்கு மாத்திரை தரலாமா என்று பேச்சு ஓடுகிறது.

தன்னார்வலர் பள்ளிக்குப் போய் வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். பையன் எழுந்து போவது ஒவ்வொரு முறையும் கரும்பலகைப் பக்கம்தான். மாலையில் அவனோடு பேசும்போது, ‘என் கண்ணாடி பழைய வீட்டிலேயே இருக்கிறது’ என்கிறான். எந்தப் பழைய வீடு? இரண்டாவது வீட்டுக்காரர், பையோடு கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர், அவன் கண்ணாடி போடுவான் என்றே தனக்குத் தெரியாது என்கிறார். இடையில் களப்பணியாளர் மாறியிருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கண் பரிசோதனைச் சீட்டு மருத்துவப் பதிவேட்டில் இருக்கிறது; ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

இவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அடுத்த வாய்தாவில் இது நீதிபதி முன் போகிறது; இத்தனை நாளுக்குள் கண் பரிசோதனையும் கண்ணாடியும் என்று உத்தரவாகிறது.

சுருக்கமாக: தன்னார்வலர் வாதாடுவதில்லை. போகிறார், பார்க்கிறார், கேட்கிறார், படிக்கிறார், எழுதுகிறார்.

எழுதுவதில்தான் சூட்சுமம்

ஒவ்வொரு விசாரணைக்கும் முன்பு அவர் நீதிபதிக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். பயிற்சியில் அதிகம் வறுத்தெடுப்பது இங்கேதான் என்று அக்கா சொன்னார். அவருக்குக் கொடுத்த பயிற்சி வழக்கு ஒன்றில் முதலில் இப்படி எழுதினாராம்: ‘தாய்க்கு மகனைப் பார்ப்பதில் அக்கறை இல்லை.’ மேற்பார்வையாளர் சிவப்பில் அடித்துவிட்டு, ‘இது நீங்கள் பார்த்ததா, நினைத்ததா?’ என்று கேட்டிருக்கிறார்.

திருத்தியது இப்படி: ‘மார்ச் மாதத்தில் நான்கு சந்திப்புகள் ஏற்பாடாகின. தாய் இரண்டுக்கு வந்தார். வராத இரண்டும் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. அவருக்கு வேலை முடிவது மூன்றரைக்கு. சந்திப்பு இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வந்த இரண்டு நாளும் மகனுக்குப் பிடித்த நூடுல்ஸ் சமைத்து எடுத்து வந்தார்.’

முதல் வாக்கியத்தைப் படிக்கும் நீதிபதி தாயைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார். இரண்டாவதைப் படித்தால் சந்திப்பின் நேரத்தை மாற்றச் சொல்வார். ஒரே தாய், அதே மார்ச் மாதம். எனக்கு இந்தத் திட்டம் முழுவதும் புரிந்தது இந்த ஒரு திருத்தத்தில்தான்.

நலன் வேறு, விருப்பம் வேறு

இந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஏழு வயதுப் பையன், ‘எனக்கு அம்மாவிடம் போக வேண்டும்’ என்கிறான். தாயின் போதைச் சிகிச்சை பாதியில் நிற்கிறது. இப்போது அவனுக்காகப் பேசுவது என்றால் எதைப் பேசுவது?

குழந்தையின் வக்கீல், பொதுவாக, மற்ற கட்சிக்காரர்களைப் போலவே குழந்தையையும் நடத்துவார்: குழந்தை சொல்வதைப் புரிந்து சொல்லும் நிலையில் இருந்தால் அதை நீதிமன்றத்தில் வாதிடுவது அவர் கடமை. தன்னார்வலரின் கடமை வேறு. ‘பெஸ்ட் இன்ட்ரஸ்ட்’, அதாவது குழந்தையின் மேலான நலன், எதுவோ அதைப் பரிந்துரைக்க வேண்டும். குழந்தையின் ஆசைக்கு எதிராகவும் அது இருக்கலாம். ஆனால் ஆசையை மறைக்கக் கூடாது. ‘வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் மூன்று முறை சொன்னான். சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்பது என் பரிந்துரை’ என்று இரண்டையும் எழுத வேண்டும். தீர்மானிப்பது நீதிபதி. பரிந்துரையை அவர் ஏற்காமலும் போகலாம்.

பிள்ளை பிடிக்கும் வேலையா?

வாட்ஸ்அப் குழுவின் மூன்றாவது சந்தேகத்துக்கு வருகிறேன். 2011-இல் நார்வேயில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அந்நாட்டு அதிகாரிகள் எடுத்துச் சென்ற விவகாரத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் கையால் சோறு ஊட்டினாலே பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் தங்கிவிட்டது. அது வேறு நாடு, வேறு சட்டம். அமெரிக்காவில் குழந்தையை வீட்டிலிருந்து எடுப்பது தன்னார்வலரின் கையில் இல்லை. அவர் வழக்குக்குள் வரும்போது அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், அல்லது நீதிமன்றத்தின் பரிசீலனையில் இருக்கும். முடிந்தவரை குழந்தையைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம். அது முடியாவிட்டால்தான் உறவினர் வீடு, தத்து என்று போகும்.

அவர் செய்யக் கூடாதவையும் உண்டு. குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. குடும்பத்துக்குப் பணம் தரக் கூடாது. பெற்றோருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது.

இன்னொரு பக்கம் கடிகாரமும் ஓடுகிறது. 1997-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, குழந்தை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே ரத்துசெய்யக் கோரி அரசு மனுப் போட வேண்டும். குழந்தை வருடக் கணக்கில் வீடு வீடாக அலையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் இரண்டு பஸ் மாறி வரும் அந்தத் தாய்க்கு வீணான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

குறை சொல்பவர்கள் சொல்வது

இந்தத் திட்டத்தின் மீது கடுமையான விமர்சனம் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. தன்னார்வலர்களில் பெரும்பகுதி நடுத்தர வர்க்கத்து வெள்ளைப் பெண்கள். வழக்குகளில் சிக்கும் குடும்பங்களில் ஏழைகள், கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். சில வாரப் பயிற்சி பெற்ற ஒருவர், தான் வாழ்ந்தறியாத ஒரு வாழ்க்கையைப் பார்த்து ‘இது குழந்தைக்கு நல்லதல்ல’ என்று எழுதினால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவரவர் வீட்டு வழக்கம்? ஒரே அறையில் நான்கு பேர் படுப்பதை நெருக்கடி என்று ஒருவர் எழுதலாம். நம்மில் பாதிப் பேர் வளர்ந்தது அப்படித்தான். இந்தத் திட்டத்துக்கு ஆகும் பணத்தைக் குழந்தைக்கு நல்ல வக்கீல் வைக்கவும் பெற்றோருக்கு நல்ல வக்கீல் வைக்கவும் செலவிடலாமே என்பது விமர்சகர்களின் இன்னொரு வாதம். எல்லாக் குழந்தைகளுக்கும் தன்னார்வலர் கிடைப்பதும் இல்லை.

என் கருத்து: சிவப்பில் அடிக்கும் மேற்பார்வையாளர் இருக்கும் ஊரில் இது வேலை செய்யும். இல்லாத ஊரில் நல்ல மனம் படைத்த ஒருவரின் அபிப்பிராயம் நீதிமன்ற முத்திரையோடு உலாவும்.

நம் ஊரில் இப்படி உண்டா?

அப்படியே இதே வடிவில் இல்லை. பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் விவகாரத்தை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பார்க்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு அது. பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்ட வழக்குகளில், ‘சப்போர்ட் பெர்சன்’ எனப்படும் துணையாளரை அந்தக் குழு குழந்தைக்கு நியமிக்கலாம். விசாரணையிலும் நீதிமன்றத்திலும் குழந்தையின் கூடவே இருந்து விளக்குவதும் தேற்றுவதும் அவர் வேலை. கூட இருப்பது என்ற அளவில் இருவரும் ஒன்று. குழந்தை எங்கே வாழ வேண்டும் என்று பரிந்துரைப்பது துணையாளரின் வேலை அல்ல என்பதில் இருவரும் வேறு.

அக்கா போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, ‘எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினாய்?’ என்று கேட்டார். ‘ஒரு வழக்கு முடிந்தது, சித்தப்பா.’ ‘பையனா, பெண்ணா? கடைசியில் யாரிடம் போனது?’ அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு, ‘அதைச் சொல்லக் கூடாது’ என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.